இடதுபக்கத்துப் பிரேக்கோடு ஒரு ரேலி

கேரளத்திலேயே வேகமான ரேலி கார் எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் உருவானது. இதில் கொஞ்சம் கூட்டல் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கேரளம் என்பதை மட்டாஞ்சேரி என்று குறைத்துக்கொள்ளலாம். மட்டாஞ்சேரியில் வேறு ரேலி காரே கிடையாது என்பதையும் மறைக்க வேண்டாம். 'வேகமான' என்ற சொல்தான் கொஞ்சம் இடிக்கும். ஏனென்றால் அந்த வண்டி பிறந்ததிலிருந்து நாற்பதைத் தாண்டியதில்லை. அது டிரைவிங் ஸ்கூல் வண்டி. வெள்ளை மாருதி எண்ணூறு. கூரைமேல் மஞ்சள் பலகை, முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்', இடதுபக்க ஸீட்டுக்கு முன்னால் தனியாக ஒரு கிளட்ச், தனியாக ஒரு பிரேக். ஓட்டக் கற்கிறவர் மிதிக்க மறந்தால், பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுக்கிறவர் மிதிப்பதற்காக.

அந்த இடதுபக்க ஸீட்டில்தான் என் தங்கை மகள் பாக்கியலக்ஷ்மியின் நாட்கள் கழிந்தன. அவர்கள் அப்பா ஆரம்பித்த டிரைவிங் ஸ்கூலை அவளும் அவள் அண்ணன் கல்யாணராமனும் சேர்ந்து நடத்துகிறார்கள். சுக்கு மண்டிக்காரர்கள், குஜராத்தி சேட்டு வீட்டு மருமகள்கள், வைப்பினிலிருந்து படகேறி வரும் மீன் வியாபாரிகள், ஒரு பாதிரியார் என்று எல்லோரும் அவளிடம் படித்தவர்கள். கிளட்சை விடத் தெரியாமல் வண்டியைத் தவளையாகத் துள்ள வைத்த ஒரு சமையல்காரரிடம், "தோசை மாவைக் கல்லுல இழுக்கற கணக்காக்கும். அவசரப்பட்டா கிழிஞ்சுடும்" என்றாளாம். அன்றைக்கே அவருக்குக் கிளட்ச் வசப்பட்டது. பெண் பார்க்க வந்த ஒரு வரன், பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய், பிறகு அவளிடமே வந்து லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போனான் என்றும் ஒரு கதை உண்டு. அதை நான்தான் பரப்பினேன். ஆனால் பாதி உண்மை. வேண்டாம் என்று சொன்னது அவள்.

கல்யாணராமன் அவளுக்கு மூத்தவன். நல்லவன், கணக்கில் புலி, ஆனால் பயந்தாங்கொள்ளி. கோயிலில் பிரதக்ஷிணம் வரும்போதுகூடத் திருப்பத்தில் ஒரு தரம் நின்று, எதிரே ஆள் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவான். மண்டையில் முடி இருந்த காலத்திலிருந்து எட்டு முழ வேஷ்டிதான். அதோடுதான் வண்டியும் கற்றுக்கொடுப்பான்.

அந்த மாருதிக்கு வயதாகிவிட்டது. இனி டெஸ்டுக்கு அதைக் கொண்டுபோக முடியாது என்று ஆனதும், ஸ்கூலுக்குப் புது வண்டி வந்தது. பழையதை எடுத்துப்போகக் கல்யாணராமன் ஆக்ரிக்காரனுக்குச் சொல்லி அனுப்பினான். பழைய இரும்பு எடுக்கிறவனை இங்கே அப்படித்தான் சொல்வது. அவன் வந்தான், வண்டியைச் சுற்றினான், கூரையை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தான். பாக்கியம் அதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். ஆறவைத்துக் குடித்தாள். அவளுக்குக் காப்பி ஆறினால் பிடிக்காது, அதனால் விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். அவளிடம் முன்னே படித்த ஹரிஷங்கர் என்கிற பையன், இப்போது காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையாக இருக்கிறவன், தன் மனைவியைப் படிக்கச் சேர்க்க வந்திருக்கிறான். ஓய்வு நாளில் ஒரு மோட்டார் கிளப்பில் ரேலி ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். தொடுபுழையில் புறப்பட்டு, ரப்பர்த் தோட்டங்கள் வழியாக மலையேறி, வாகமண் பக்கம் போய்த் திரும்பத் தொடுபுழையிலேயே வந்து இறங்குகிற மழைக்கால ரேலி. புதியவர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு, வீட்டில் ஓட்டுகிற சாதாரண வண்டி போதும். அதில் வேகமாகப் போகிறவனுக்குப் பரிசில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் சராசரி வேகம் இவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். அந்த வேகத்தில் போய், சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் இருக்க வேண்டும். முந்தினாலும் அபராதம், பிந்தினாலும் அபராதம். மொத்தத்தில் அரைமணிக்கு மேல் பிந்தினால் ஆட்டத்திலேயே இல்லை.

இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னவள், காலித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "பெரியம்மா, இத்தனை வருஷமா வண்டிக்குள்ளேயே இருக்கேன். ஓட்டினதே இல்லை. மத்தவா ஓட்டறதை நிறுத்திண்டு இருந்தேன், அவ்வளவுதான்."

எழுந்து போய்க் கல்யாணராமனைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அவன் சிரித்தான். நாற்பதுக்கு மேல் போனால் அந்த வண்டியின் கதவுகள் தனித்தனியாக வீட்டுக்கு வரும் என்றான். ஸ்கூல் பெயர் கெட்டுப்போகும் என்றான். கடைசியில், தங்கை கண்ணைப் பார்க்காமல், ஒரு பந்தயம் சொன்னான்.

"ரேலியை முடிச்சு, ஒருத்தர் கையும் படாம, தானா ஓடி வந்து நம்மாத்து வாசல்ல நின்னா வண்டி உனக்கு. வழியில எங்க நின்னாலும், நின்ன எடத்துக்கே ஆக்ரிக்காரனை வரச் சொல்லுவேன். பின்னே ஒண்ணும் பேசப்படாது."

"சம்மதம்" என்றாள் பாக்கியம். "பக்கத்துல உக்காந்து வழி சொல்ல ஒரு ஆள் வேணும். யார் வருவா?"

மட்டாஞ்சேரியில் அவளிடம் படித்தவர்கள் அத்தனை பேர் இருக்க, அவள் ஓட்டப் பக்கத்தில் உட்கார ஒருவரும் வரவில்லை. ஒருவருக்கு முதுகு வலி, ஒருவருக்குப் பெண் கல்யாணம். கடைசியில் கல்யாணராமனே வருகிறேன் என்றான். வண்டி எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டாமா என்று காரணம் சொன்னான்.

இப்படியாக ஞாயிற்றுக்கிழமைகளில் சுக்கு வாசனையோடு சும்மா கிடந்த எங்கள் கொல்லைக் கிடங்கில் வேலை ஆரம்பித்தது. கிடங்கை இசக்கிதுரைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். தேவராவில் கட்டட வேலைக்கு வெல்டராக வந்து, பிறகு கார் வேலைக்கு மாறி, இப்போது மட்டாஞ்சேரியின் பாதி ஆட்டோக்களுக்கு வைத்தியர். ரேலி என்றதும் முகமெல்லாம் பல். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, முதுகைத் தரையில் தேய்த்து உள்ளே போனார். பிறகு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஏக்கா, இதுல தரையே இல்லியே."

உண்மைதான். கடல்காற்று தின்றுவிட்டது. வேலியேற்றத்தில், கடல் பொங்குகிற நேரத்தில், காயல் தண்ணீர் தெருவுக்கு வந்துபோகிற ஊர் இது. உப்பு தின்ற மிச்சத்தை ரப்பர் விரிப்புதான் தாங்கிக்கொண்டிருந்தது. விரிப்பைத் தூக்கினால் ஓட்டை வழியாக எங்கள் கொல்லைச் சிமெண்டு தெரிந்தது. இத்தனை வருஷம் படிக்க வந்தவர்களெல்லாம் ரப்பர்மேல் கால் வைத்துத்தான் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள். கல்யாணராமன் எட்டிப் பார்த்து, பார்த்ததற்காக வருத்தப்பட்டான்.

இசக்கிதுரை தகரத்தை வெட்டி வெட்டி ஒட்டுப்போட்டார். வெல்டிங் தீப்பொறி பறக்கிறபோது பாக்கியம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்திலேயே குந்தியிருந்தாள். பின் ஸீட்டைக் கழற்றினார்கள், எடை குறைய. அது என் வராந்தாவுக்கு வந்தது, நல்ல ஸீட்டு. கூரைப் பலகையைக் கழற்றியதும் நாலு ஓட்டை தெரிந்தது, அதற்குப் பசை. பாட்டரியைப் பெல்ட் போட்டுக் கட்டினார்கள். பள்ளத்தில் விழுந்தால் இழுத்துத் தூக்க முன்னால் ஒரு கொக்கி. டிரைவர் கை எட்டுகிற இடத்தில் தீயணைப்பு பாட்டில். புது டயர், பட்டை நல்ல ஆழமாக வெட்டியது, சேற்றைக் கடித்துப் பிடிக்கும்படி. முன்னால் இரண்டு மஞ்சள் விளக்கு, மூடுபனிக்கு. சக்கரத்துக்குப் பின்னால் தொங்கவிட மிளகு சலிக்கிற மெஷினின் பழைய ரப்பர்ப் பட்டை கிடைத்தது. அதிலிருந்து ஒரு வருஷத்துக்குத் தும்மல் வருகிற அளவு மிளகு உதிர்ந்தது. ஒரு வருஷம் என்பதை ஒரு மத்தியானம் என்று திருத்திக்கொள்ளலாம்.

மலைப்பாதையில் கல் அடித்து எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி உடையாமல் இருக்க, அடியில் ஒரு இரும்புக் கவசம் வேண்டும். கடையில் கிடைப்பதெல்லாம் பெரிய வண்டிகளுக்குத்தான். கிடங்கு மூலையில் மூட்டை நிறுக்கிற பழைய பிளாட்பாரம் தராசு கிடந்தது. அதன் மேல்தட்டை இசக்கிதுரை கழற்றினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், ஏதோ புதையல் எடுத்ததுபோல. வளைத்து, துளைபோட்டு, மாட்டி, வண்டியைக் கீழே இறக்கினார்கள். வண்டி மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு சேவித்தது. மட்டாஞ்சேரியில் மேடு என்றால் வேகத்தடைதான். எங்கள் தெரு முனையிலுள்ள அந்த ஒரே மேட்டைக்கூட ஏற மாட்டேன் என்றது.

கல்யாணராமனுக்கு அன்று தீபாவளி. எல்லாரிடமும் போய்ச் சொன்னான். மறுநாள் காலை வந்து பார்த்தால் இசக்கிதுரை அந்தத் தட்டைச் சல்லடையாகத் துளைத்துக்கொண்டிருந்தார். பாரம் பாதியாகிவிட்டது. "கல்லு தடுக்கணும், காத்து போகணும், அம்புட்டுத்தானே அண்ணாச்சி" என்றார். வண்டி நிமிர்ந்தது. தெரு முனை மேட்டைத் தாண்டித் தாண்டி, நாங்களெல்லாம் கைதட்டும்வரை போய் வந்தாள் பாக்கியம்.

இதற்கிடையில் கல்யாணராமனிடம் ஒரு மாற்றம் நடந்தது. புது டயர் போட்டால் வண்டியின் கிலோமீட்டர் கணக்கு மாறும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கணக்கு தப்பாக இருக்கிறது என்று தெரிந்தபிறகு அவனால் சாப்பிட முடியாது. ரேலிக்காரர்கள் அளந்து கொடுத்த தூரத்தில் தங்கையைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லி, மீட்டர் எவ்வளவு கூட்டிச் சொல்கிறது என்று கண்டுபிடித்தான். மீட்டர் ஒன்று சொன்னால் உண்மை என்ன என்று மனசுக்குள்ளேயே திருத்திச் சொல்லப் பழகினான். (என் கதைகளுக்கும் அவனிடம் அப்படி ஒரு வாய்ப்பாடு உண்டு.) பாக்கியத்துக்கோ மீட்டரே வேண்டாம். முப்பதில் போ என்றால் முள்ளைப் பார்க்காமல் முப்பதில் போவாள். அத்தனை வருஷம் மற்றவர்களை ஒரே வேகத்தில் பிடித்து வைத்த பழக்கம். சாப்பாட்டு மேஜையில் அவன் வேகம் சொல்ல, அவள் நேரம் சொல்ல, இருவரும் போட்டிபோட்டுக்கொண்டு கத்த, வத்தக்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

ஒரு வேலை மட்டும் பாக்கி. இடதுபக்கத்துக் கிளட்சையும் பிரேக்கையும் கழற்ற வேண்டும். இசக்கிதுரையிடம் சொல்லிவிட்டுப் பாக்கியம் புது வண்டியில் வகுப்பெடுக்கப் போனாள். அவள் தலை மறைந்ததும் கல்யாணராமன் வந்து, கிளட்ச் போகட்டும், பிரேக் இருக்கட்டும் என்றான். பாக்கியத்துக்குத் தெரிய வேண்டாம், ஒரு தைரியத்துக்கு என்றான். இசக்கிதுரைக்கு அண்ணாச்சி சொல்லைத் தட்ட முடியவில்லை. பிரேக்மேல் ரப்பர் விரிப்பை இழுத்து மூடிவிட்டார்.

ரேலிக்கு நான் போகவில்லை. இனி வருவது வண்டியில் இருந்த இரண்டு பேர் சொன்னது. இரண்டு பேர் கதையும் சேராத இடத்தில் கொஞ்சம் நான் பசை போட்டிருக்கிறேன்.

தொடுபுழையில் ஒரு பள்ளி மைதானம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. கதவெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகள், உறுமிக்கொண்டு. நடுவில் எங்கள் எண்ணூறு. சிவப்பு 'எல்' இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, அதன்மேல் ரேலி நம்பர். வண்டியைப் பரிசோதிக்க வந்தது ஒரு சின்னப் பெண், எஞ்சினியராம். கொக்கி பார்த்தாள், பாட்டரி பார்த்தாள், தராசுத் தட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் 'கொள்ளாம்' என்று மெச்சினாள். பிறகு இடதுபக்கம் குனிந்து விரிப்பைத் தூக்கினாள்.

"இதெந்தா சேட்டா?"

"பிரேக்."

"ஆர்க்கு?"

"எனிக்கு" என்றான் கல்யாணராமன்.

பாக்கியத்துக்கு அப்போதுதான் தெரியும். காது வரை சிவந்துபோனாளாம். அந்தப் பெண் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். இடதுபக்கத்தில் பிரேக் இருக்கக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. அப்படி ஒரு வண்டி வரும் என்று யாரும் நினைத்ததில்லை. வேஷ்டி கட்டக் கூடாது என்றும் எழுதவில்லை. பக்கத்து வண்டிக்காரர்கள் போன் எடுத்துப் படம்பிடிக்க ஆரம்பித்தார்கள். பாஸ் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்.

கொடி அசைக்கிறவர் கூப்பிட்டதும் பாக்கியம் விறுவிறு என்று போய், பழக்கத்தில் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள். கல்யாணராமன் அவள் மடியில் உட்காரப் போய்த்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

ஆனால் ஸ்டியரிங் கைக்கு வந்ததும் அவள் வேறு ஆள். ரப்பர்த் தோட்டத்துச் செம்மண் வழி, மேலே மரக்கூரை, கீழே வழுக்கல். அண்ணன் வழிப் புத்தகத்தின் அம்புக்குறிகளைப் பார்த்துச் சொல்கிறான், இவள் திரும்புகிறாள். வலது, பாலம், இடது, சர்ச் தாண்டி மறுபடி இடது. முந்திப் பறந்த வண்டிகள் வழி தவறித் திரும்பி எதிரே வந்தன. எங்கே நேரம் குறிப்பார்கள் என்று சொல்ல மாட்டார்கள். ஒரு வளைவில் குடையும் கடிகாரமுமாக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சொன்ன வேகத்தில் சொன்ன நொடியில் பாக்கியம் அவர்களைத் தாண்டினாள். அவர்கள் நீட்டிய சீட்டில் அபராதம் பூஜ்யம். கல்யாணராமன் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, வேஷ்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டானாம். ஸ்கூலில் முதல் ரேங்க் வாங்கினபோதுகூட அவன் அப்படிச் செய்யவில்லை.

மலை ஏற ஏற மூடுபனி இறங்கியது. மஞ்சள் விளக்கு பத்தடிக்கு மேல் காட்டவில்லை. ஒருபக்கம் பாறை, ஒருபக்கம் வெள்ளைப் புகை, அதற்குக் கீழே என்ன என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஏற்றத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அவள் இரண்டாம் கியரில், வேகம் விடாமல், சக்கரம் உள்ளோரம் உரச ஏறினாள். அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு ஜீப்பின் விளக்கு. போக இடம் இருந்தது. அவள் அதைப் பார்த்தும்விட்டாள்.

வண்டி அப்படியே நின்றது. எஞ்சின் செத்தது. ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு சௌகரியமாகப் பக்கத்தில் இறங்கிப் போயிற்று. எண்ணூறு சேற்றில் மெல்லப் பின்னால் நழுவி, ஒரு கல்லில் முட்டிக்கொண்டது.

பாக்கியம் மெதுவாகத் திரும்பி அண்ணன் காலைப் பார்த்தாள். கால் பிரேக்மேல் இருந்தது, நகம் வெளுக்க அழுத்தி.

"வேணும்னு மிதிச்சயா அண்ணா?"

கல்யாணராமனும் தன் காலைக் குனிந்து பார்த்தான். மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

"இல்லை. நான் மிதிக்கலை லக்ஷ்மி. கால் தானா போறது. இத்தனை வருஷமா அதுக்கு அது ஒண்ணுதானே வேலை?"

அவள் அதை நம்பினாள். ஏனென்றால் அவளுடைய காலும் அப்படித்தான். கோபத்தில் கத்த எடுத்த மூச்சை விட்டுவிட்டு, வகுப்பில் சொல்கிற குரலில் சொன்னாளாம்: "காலைத் தூக்கி ஸீட்டு மேலே வெச்சுக்கோ. ரெண்டையும். சம்மணம் போட்டுக்கோ."

போட்டுக்கொண்டான். ஸீட்டில் பெல்ட்டோடு, வேஷ்டி மடியில் வழிப் புத்தகத்தை விரித்துக்கொண்டு, பந்திக்கு உட்கார்ந்தவன்போல.

ஆனால் வண்டி ஏற மறுத்தது. சக்கரம் சேற்றில் சுற்றுகிறது, நகரவில்லை. கிளட்சை அரைப்பக்குவத்தில் பிடித்துப் பிடித்து, தோசைக் கணக்கில், தீய்ந்த நாற்றம் வரும்வரை முயன்றாள். பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. ஒருவன் இறங்கித் தள்ளட்டுமா என்று கேட்டான். "தொடப்படாது" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். பந்தயம் நினைவிருந்தது. கடைசியில் அந்த ஆழப் பட்டை டயர் ஒரு கல்லைக் கடித்தது. வண்டி குலுங்கி மேலேறியது. அதற்குள் அரைமணியில் முக்கால்வாசி தின்றாயிற்று. இனி எங்கும் அபராதத்தைப் பற்றிப் பேச்சில்லை. அரைமணிக்குள் கடைசிக் கொடியைத் தொட வேண்டும், அவ்வளவுதான். இல்லாவிட்டால் ஆக்ரிக்காரன்.

இறக்கம். மழை நின்று, தேயிலைச் சரிவெல்லாம் வெயில் பட்டுப் பளபளத்தது. பாக்கியம் நாற்பதைத் தாண்டினாள். ஐம்பது. கதவுகள் கழன்று விழவில்லை. தராசுத் தட்டு அடியில் கல்மழை வாங்கி டணடண என்று பாடியது. ரப்பர்ப் பட்டையில் மிச்சமிருந்த மிளகெல்லாம் உதிர்ந்து இரண்டு பேரும் தும்மினார்கள். சம்மணம் கலையாமல் இடதும் வலதுமாகச் சாய்ந்துகொண்டு கல்யாணராமன் வழி சொன்னான், நேரம் சொன்னான், மீட்டரின் பொய்யைத் திருத்திச் சொன்னான். ஒரு தரம்கூடத் தப்பவில்லை. கால் இல்லாத இடத்தில் பயமும் இல்லை என்று அவனே பிறகு சொன்னான். அடிவாரத்தில் நேர்ச்சாலை ஆரம்பித்ததும், கடிகாரத்தைப் பார்த்தவன், வாழ்நாளில் யாரிடமும் சொல்லாத ஒரு வார்த்தை சொன்னான்.

"அழுத்து லக்ஷ்மி."

அழுத்தினாள். அறுபது, எழுபது. எண்பது என்று அவள் சொல்கிறாள். மீட்டர் கூட்டிச் சொல்லும் என்று அவன் சொல்கிறான். மைதானத்துக் கதவு, கொடி, குடைகள். கடிகாரக்காரர் பார்த்தார். அரைமணிக்கு ஒரு நிமிஷம் குறைவு. புதியவர்கள் பிரிவில் கடைசிக்கு முந்தின இடம். கடைசி இடத்துக்காரர்கள் இன்னும் தேயிலைக்குள் வழி தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஹரிஷங்கர் ஓடிவந்து கதவைத் திறந்தபோது பாக்கியம் இறங்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க மனசில்லை என்றாள். கல்யாணராமனாலும் இறங்க முடியவில்லை. சம்மணம் போட்ட கால் மரத்துப்போயிருந்தது. இரண்டு பேரையும் வண்டியில் வைத்தே சாயா கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் எங்கள் தெருவே வாசலில். இசக்கிதுரை பட்டாசுச் சரம் வாங்கி வைத்திருந்தார். மழையில் நமுத்துப்போகுமென்று அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பீடியை அணைத்துவிட்டு நின்றார். சொன்ன நேரத்துக்கு வண்டி வரவில்லை. ஆக்ரிக்காரன்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். இருட்டுகிற நேரம், தெரு முனையில் இரண்டு மஞ்சள் விளக்கு தெரிந்தது. செம்மண் பூசி, வெள்ளை எது என்று தெரியாத ஒரு வண்டி, சிங்கம்போலக் கர்ஜித்துக்கொண்டு, வேகத்தடையை ஒரே தாவில் தாண்டி, எந்த மனிதக் கையும் படாமல், தொடுபுழையிலிருந்து மட்டாஞ்சேரி வரை தானாகவே ஓடி, வாசலில் வந்து நின்றது. சரம் வெடித்தது. கல்யாணராமன் இறங்கினான். வேஷ்டி முழங்கால் வரை சேறு, கையெல்லாம் கரி. மலையில் வழுக்கிவிட்டது என்றான். மடியிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்து எல்லார் எதிரிலும் தங்கை கையில் வைத்தான். முகம் மட்டும் தோற்றவனுக்கு இருக்க வேண்டிய அளவுக்குத் தொங்கவில்லை. நடுவர் நான். பந்தயத்தின் ஒவ்வொரு சொல்லும் நிறைவேறியது என்று தீர்ப்புச் சொன்னேன்.

இதுவரை எழுதியதை இன்று காலை, கழற்றிப்போட்ட அந்தப் பின் ஸீட்டில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினேன். கல்யாணராமன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவன், கடைசிப் பத்தி வந்ததும் திடீரென்று செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். பாக்கியம் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தானா வரலை பெரியம்மா. கிளட்ச் தீஞ்சு, ஊருக்குள்ள நுழையற தோப்பும்படிப் பாலத்து ஏத்தத்துல நின்னுடுத்து. நான் தள்ளச் சொல்லலை. அண்ணாதான் இறங்கி, வேஷ்டியை மடிச்சுக் கட்டிண்டு, மழையில ஒத்தையா உச்சி வரைக்கும் தள்ளினான். உங்ககிட்ட மாத்திரம் சொல்லப்படாதுன்னான். அங்கேருந்து இறக்கத்துல வேணும்னா தானா வந்ததுன்னு எழுதிக்கோங்கோ."